சாம்பலைத் தொடாதீர்கள்

மலையடிவாரத்தில் அந்தப் பதினேழு ஓட்டு வீடுகளும் இன்னும் நிற்கின்றன. நன்றாகத்தான் கட்டினோம். செங்கல் நல்ல செங்கல், ஓடு நல்ல ஓடு, வீட்டுக்கு ஒரு ஜன்னல். யாராவது பார்த்துவிட்டு "நீங்க கட்டிக்குடுத்ததுங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். அதற்கு முன்னால் நாலு மாதம் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை. இப்போது சொல்கிறேன். சொன்னால் மனம் லேசாகும் என்றெல்லாம் நினைக்கவில்லை. லேசாகவும் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் மதுக்கரைக்கு மேற்கே மலையில் தீப்பிடித்தது. அந்த வருஷம் கோடை மழை எட்டிப் பார்க்கவில்லை. சரிவெல்லாம் புல் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து நின்றது. இரண்டு நாள் விடாமல் எரிந்தது. ஆர்.எஸ்.புரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் மொட்டை மாடியிலிருந்து சாயங்காலம் பார்த்தால், மலை விளிம்பில் யாரோ அகல் விளக்கு வரிசை வைத்ததுபோல் இருக்கும். நாங்கள் நாலைந்து பேர் டீத் தம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தோம். எவ்வளவு அழகு என்று சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது. அடிவாரத் தோட்டம் ஒன்றில் மாட்டுக்கு அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டுப் போரில் பொறி விழுந்தது. போரிலிருந்து பக்கத்திலேயே இருந்த கூலிக்காரர் குடியிருப்புக்குத் தாவியது. பதினேழு கூரைக் குடிசைகள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் ஆள் சேதம் இல்லை. கட்டிப்போட்டிருந்த ஆடுகள் கட்டிப்போட்ட இடத்திலேயே வெந்து கிடந்தன.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, வங்கிப் பரீட்சைகளில் வரிசையாகக் கோட்டைவிட்டு, கடைசியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்திருந்தேன். பட்டுக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைதான் அலுவலகம். எங்கள் செயலாளர் ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர். நெருப்பு, வெள்ளம், இடிந்த சுவர் என்று முப்பது வருஷம் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிய மனுஷர். காட்டுத்தீயில் பாதிக்கப்பட்ட ஊர்கள் மீண்டெழ ஒரு வெளிநாட்டு நிறுவனம் நல்கை கொடுக்கிறது என்று அவருக்கு எங்கிருந்தோ தகவல் கிடைத்திருந்தது. குடிசைகள் எரிந்த மூன்றாவது நாளே விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ய என்னை உட்கார வைத்துவிட்டார். நல்கை வந்தால் அந்தத் திட்டத்துக்கு நான்தான் அதிகாரி என்றும் சொன்னார். எனக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை மேல் இருந்த ஆசை இரக்கத்தைவிட அரைப்படி கூடுதலாக இருந்தது.

விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்ததும் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, ஒண்ணே ஒண்ணு. அவங்க ஆளு வந்து கண்ணுல பாக்கற வரைக்கும் சாம்பல்ல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. கூட்டி வாரிப்போட்டாங்கன்னா ஊடு எரிஞ்சதுக்கு என்ன சாட்சி? புதுசா ஒரு குடிசை நின்னுதுன்னா, 'இவங்களுக்குத்தான் ஊடு இருக்குதே'ன்னு எழுதிப்போட்டுப் போயிருவான். போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியாது. மழையில் சுவர் விழுந்தால் கிராம அதிகாரி வந்து பார்க்கும்வரை மண்ணை அப்படியே விட்டு வைப்பார்கள். வீடு எரிந்தால் கரிக்கட்டையைக்கூட நகர்த்த மாட்டார்கள். அவசரப்பட்டுச் சுத்தம் செய்தவனுக்கு நிவாரணமும் கிடையாது, நாலு பேரிடம் ஏச்சும் கிடைக்கும். அரசாங்கத்து ஆட்கள் ஏற்கெனவே வந்து பார்த்து, அரிசியும் சேலையும் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. இனி வெள்ளைக்காரன் பார்க்க வேண்டும். விதி என்றால் எல்லா ஊர் விதியும் நம் தாலுகா ஆபீஸ் விதி மாதிரித்தானே இருக்கும்? நல்கை தருகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று எங்கள் இருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

மறுநாள் ஒரு வாளி சுண்ணாம்போடு போனேன். ஒவ்வொரு சாம்பல் குவியலையும் சுற்றிக் கோடு போட்டு, வாசல் கல்லில் எண் எழுதினேன். கோட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, வெந்த சட்டிபானையைக்கூட எடுக்கக் கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அது புரிந்த விஷயம்தான். தோட்டத்துச் சொந்தக்காரர் காலியாகக் கிடந்த தன் கோழிக்கொட்டகையை அவர்களுக்கு விட்டிருந்தார். இடுப்பளவுச் சுவர், அதற்கு மேலே கம்பி வலை, மேலே கல்நார்த் தகடு. கோழி போய்விட்டாலும் நாற்றம் போகவில்லை. பதினேழு குடும்பமும் சேலையைக் குறுக்கே கட்டி ஆளுக்கொரு தடுப்பு வைத்துக்கொண்டார்கள். பழைய எரு ஒட்டிய தரையில் சாக்கு விரித்துக் குழந்தைகள் தூங்கின.

பதினேழாம் எண் வீட்டுக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைக் கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். நான் தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, முதல் நாளிலிருந்தே என்னைச் 'சாமி' என்றாள்.

"அக்கா, என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்க."

"செரிங்க சாமி" என்றாள்.

அவளை அக்கா என்று கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. விடுதித் தோழிகளிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் போனபோது அந்த அக்கா வீட்டுச் சாம்பலுக்குப் பக்கத்தில் ஒரு டெம்போ நின்றுகொண்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை செய்கிற அவள் தம்பி, பின்னிய தென்னங்கீற்றைக் கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் அதைத் தடுக்கு என்போம். மூங்கிலும் கயிறும்கூடக் கொண்டுவந்திருந்தான். அக்கா விளக்குமாற்றை வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே, என் உத்தரவுக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள்.

"ரண்டு நாள் வேலைங்க" என்றான் தம்பி. "நாளை மக்யா நாள் கூரை போட்டுருவனுங்க."

"போடக் கூடாதுங்க."

"ஏனுங்க?"

சொன்னேன். ஆய்வுக்கு ஆள் வருவார், சாம்பலைப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் ஓட்டு வீடு என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல் பொறுமையாகச் சொன்னேன்.

"எப்பங்க வாராரு?"

"இந்த மாசக் கடைசிலங்க."

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"புள்ளைக்கு இது ஏழாம் மாசமுங்க சாமி. தலைச்சன். ஒம்பதாம் மாசம் கட்டுச்சோறு கட்டிக் கூட்டியாரோணுங்க. கூரையில்லாம எங்கீங்க கூட்டியாறது? கூட்டியாராமப் போனா அவ மாமியா எம்பட புள்ளையப் பேசியே கொன்னுபோடுவாங்க. ஒரு சின்னச் சாளையாப் போட்டுக்கறனுங்க. அந்த வெள்ளைக்காரரு வாரப்ப பிரிச்சுப்போடறனுங்க."

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாதா? என் அக்காவுக்கு அண்டா அண்டாவாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு கார் நிறையப் போய் அழைத்து வந்த வீட்டுப் பெண் நான். தெரிந்துதான் சொன்னேன். "ஒம்பதாம் மாசத்துக்குள்ள உங்களுக்கு ஓட்டு வீடே வந்துரும் அக்கா. இப்ப இதைப் போட்டீங்கன்னா உங்க பேரு பட்டியல்ல இருக்காது. அப்பறம் என்னைக் கேட்கக் கூடாது."

கடைசி வாக்கியம் மிரட்டல். மென்மையாகச் சொன்னதால் எனக்கு அப்போது மிரட்டலாகத் தோன்றவில்லை.

"செரிங்க சாமி" என்றாள். தடுக்கைக் கொட்டகைச் சுவர் ஓரமாக அடுக்கி, மேலே தார்ப்பாயும் சாக்கும் போட்டு மூடினார்கள். தம்பி என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் டெம்போவில் ஏறிப் போய்விட்டான். மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் அந்த ஆள் வரவில்லை. வைகாசியில் வருவதாக ஃபேக்ஸ் வந்தது, பிறகு அதையும் தள்ளிப்போட்டு இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு போய் "இன்னும் இருபது நாள்", "இன்னும் பத்து நாள்" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருத்தரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. போனதும் யாராவது ஒரு பெண் ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வந்துவிடுவாள். குடிக்க மாட்டேன் என்றால் வருத்தப்படுவார்களே என்று நானும் குடித்துவிடுவேன். நாலு வசவு வைதிருந்தாலாவது எனக்கு உறைத்திருக்கும்.

ஆனி பிறந்ததும் அந்த அக்கா மகளை அழைத்து வந்துவிட்டாள். கோழிக்கொட்டகைக்கு வெளியே மூன்று கல் வைத்துப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறி, கடன் வாங்கிய தூக்குப்போசிகளில் கட்டி, கருமத்தம்பட்டிக்குப் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறாள். திரும்பி வரும்போது மகள். நான் அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் கம்பி வலையோரம் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. கை நிறையக் கண்ணாடி வளையல். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு கண்ணு, உக்காரு" என்றேன்.

அன்றைக்கே மழை பிடித்துவிட்டது. தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக வந்தால் எங்கள் பக்கம் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். கம்பி வலைக்கு அது ஒரு தடையே இல்லை. சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், சாக்கும் நனைந்து தரையும் நனைந்தது. ஊறின எருவின் காரம் கண்ணைக் கரித்தது. நான் குடையைப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, விடுதிக்குப் போய் வெந்நீரில் குளித்தேன்.

குழந்தை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். சுகப்பிரசவம், நல்ல எடை என்று அக்கா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் செய்து கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போன நான் ஒரு பவுடர் டப்பாவும் சோப்பும் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தையை ஈரமில்லாத ஒரே மூலையில், மரப்பெட்டி ஒன்றில் துணியை மெத்தையாக விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய்க்குள் தடுக்கு ஒரு பொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. தார்ப்பாயை எடுத்து ஏன் உள்ளே கட்டவில்லை என்று கேட்டேன். "தடுக்கு நனைஞ்சா மக்கிப்போயிருங்க, தம்பி கஸ்டப்பட்டுக் கொண்டாந்தானுங்க. எப்படியும் கூரைக்கு ஆகுமில்லீங்க" என்றாள் அக்கா. ஓட்டு வீட்டை அவள் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம்பாமலேயே நான் சொன்னதற்குக் கட்டுப்பட்டிருக்கிறாள்.

ஆடி முதல் வாரத்தில் உறுதியான தகவல் வந்தது. வியாழக்கிழமை வருகிறார், விமான டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செயலாளரோடு வாடகைக் கார் பிடித்து அடிவாரத்துக்குப் போனேன். அக்கா கொட்டகைக்கு வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். காரிலிருந்து இறங்கும்போதே கத்தினேன்.

"அக்கா, வியாழக்கிழமை வர்றாருங்க!"

அவள் எழுந்து நின்றாள். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்தான் சொன்னாள். "கொழந்த நேத்துப் போயிருச்சுங்க. நாலு நாளா மூச்சு வாங்கிட்டே கெடந்துதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனமுங்க, நெஞ்சுல சளி கட்டிப்போச்சுன்னு சொல்லிப்போட்டாங்க."

அய்யோ என்றேன். அந்தச் சொல் அடங்குவதற்குள், இதை எழுதக் கை கூசுகிறது, "வியாழக்கிழமை எல்லாரும் இருப்பீங்கல்ல?" என்று கேட்டேன்.

"இருக்கறமுங்க" என்றாள் அக்கா.

செயலாளர் அதற்குள் வீடு இருந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். சாம்பலே இல்லை. ஒரு மாத மழை அத்தனையையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. நான் சுண்ணாம்புக் கோடு போட்ட பதினேழு இடத்திலும் அறுகும் பசுங்கீரையும் முளைத்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"பச்சைப் புல்லைக் காட்டி ஊடு எரிஞ்சுதுன்னா சிரிக்க மாட்டானுங்களா அம்மணி?" என்றார். பிறகு அவர் கண் கொட்டகைச் சுவர் ஓரம் போனது. "அந்தத் தடுக்கு யாருதுங்க?"

"என்னுதுங்க" என்றாள் அக்கா. "உள்ள நனையலீங்க. நல்லா இருக்குதுங்க."

அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. அந்த நாகரிகம் அவருக்கு இருந்தது. என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். "அக்கா, எப்படியும் ஓட்டு வீடு வரப்போகுது. இனி இது எதுக்குங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அதில் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு விளங்காத பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எடுத்துக்குங்க சாமி."

புதன்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. புல்லைச் செதுக்கிவிட்டு, பதினேழு இடத்திலும் தடுக்கைப் பிரித்துப் பரப்பினோம். மண்ணெண்ணெயைத் தெளித்தது நான். நன்றாகக் காய்ந்த ஓலை, சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. பதினேழாம் எண்ணில் மட்டும் சாம்பல் ஒரு பக்கமாகக் குவிந்து செயற்கையாகத் தெரிந்தது. நான் சொல்லாமலே அக்கா குந்தி உட்கார்ந்து, வாசல் மெழுகுவதுபோலக் கையாலேயே அதைச் சீராகப் பரப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தவர் வயதான மனுஷர். தொப்பி, சேறு படிந்த செருப்பு, நல்ல முகம். நாங்கள் அவரைச் சாம்பலிடம் அழைத்துப் போனோம். அவர் நிற்கவே இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜனங்கள் எங்கே என்று கேட்டபடி நேரே கோழிக்கொட்டகைக்கு நடந்தார். உள்ளே போய் நனைந்த சாக்குகளையும் சேலைத் தடுப்புகளையும் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நாலு மாதமாகவா இங்கே இருக்கிறார்கள்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "தற்காலிகக் கூரைக்கு எங்களிடம் தனி உதவி இருக்கிறதே. ஆய்வெல்லாம் தேவையில்லை. ஒரு கடிதம் போதும், பத்தே நாளில் அனுப்பியிருப்போம். நீங்கள் கேட்கவே இல்லையே?"

செயலாளருக்கு அவர் உச்சரிப்பு பிடிபடவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அக்காவிடம் திரும்பினார். "இவர்கள் தாங்களே ஏதாவது கட்டிக்கொண்டிருக்கலாமே, ஏன் கட்டவில்லை? கேளுங்கள்."

கேட்டேன். அவள் குழம்பிப் போனாள். நான் அவளைச் சோதிக்கிறேனோ என்றுகூட நினைத்திருக்கலாம். "நீங்கதானுங்களே சாமி வேண்டாமுன்னு சொன்னீங்க" என்றாள் மெதுவாக.

கட்டிக்கொள்ள வசதியில்லை என்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். ரவிக்கை பால் கட்டி நனைந்திருந்தது. அவருக்கும் பிள்ளை பெற்ற பெண்கள் இருந்திருக்க வேண்டும், பார்த்ததும் தெரிந்துகொண்டார். "பிரசவமாகியிருக்கிறதா? குழந்தை எங்கே?"

செயலாளரின் சிரிப்பு அப்படியே இருந்தது. எங்கள் கையெழுத்துக்காகத் தயாராக இருந்த நல்கைக் காகிதங்கள் வந்தவர் கக்கத்தில் இருந்தன. இந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும், கடைசியில் என்னிடம் வந்து நிற்கும்.

"என்னங்க கேக்கறாரு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றேன். அவரிடம், பெண் குழந்தை, அத்தை வீட்டில் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கொட்டகைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, வாழ்த்துகள் வாழ்த்துகள் என்று தன் பாஷையில் இரண்டு மூன்று தடவை சொன்னார். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெரிய மனுஷர் ஒருவர் தன்னிடம் பிரியமாக ஏதோ சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.